ஆக்கியோன் பெயர்: எலேன் த மோன்ழெரூவும் பயிற்சி உருப்படிகளின் வரலாறும்

அக்கா மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். மாகறலில் அதற்கு வழியில்லை. சனி, ஞாயிறு பஸ் பிடித்து உத்திரமேரூர் போய்வருகிறாள். டீச்சர் வீட்டு முன்கூடத்தில் இரண்டு கீபோர்டு, துருத்தி தைத்த ஒரு பழைய ஆர்மோனியம், பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். போன மாதம் அவளைக் கூட்டிவரப் போயிருந்தேன். காத்திருந்த நேரத்தில் அவளுடைய நோட்டைப் புரட்டினேன். நாற்பது பக்க நோட்டு. ஸ்வரங்கள் தமிழெழுத்தில், ஒவ்வொரு ஸ்வரத்தின் தலையிலும் எந்த விரல் என்பதற்கு 1 முதல் 5 வரை எண். எட்டு வரி, பத்து வரியில் சின்னச் சின்ன உருப்படிகள். 'கட்டைவிரல் பாட்டு', 'மோதிர விரல் பாட்டு', 'சைக்கிள்', 'ரெண்டு கையும் சண்டை' என்றெல்லாம் தலைப்பு. அக்கா மகள் அதில் ஒன்றை வாசித்துக் காட்டினாள். சும்மா ஏறி இறங்குகிற விரல் பயிற்சி என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நடுவில் ஓரிடத்தில் மெட்டு இடது கைக்கு மாறி, வலது கை அதற்குப் பதில் சொல்லித் திரும்பி வந்தது.

"இது யாரு போட்டது டீச்சர்?"

"எது சார்?"

"இந்த மோதிர விரல் பாட்டு."

"அது யாரும் போட்டதில்ல சார். நான்தான் எழுதுனேன். பசங்களுக்கு நாலாவது வெரலு தனியா எழும்பவே மாட்டேங்குது. அதுக்காவ."

யாரும் போட்டதில்லை, நான்தான் எழுதினேன். சொன்னவருக்கு இதில் முரண் எதுவும் தெரியவில்லை. தன்னடக்கமாகவும் சொல்லவில்லை, மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னார். 'போடுவது' வேறு யாரோ செய்கிற வேலை, 'எழுதிக் கொடுப்பது' தன் வேலை என்ற பாகுபாடு அவருக்கு முன்னாலேயே தீர்மானமாகி, அவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எங்கே தீர்மானமானது என்று தேடிப்போனதன் விளைவு இந்தக் கட்டுரை.

*

எழுதியவரும் ஆசிரியர், சொல்லிக்கொடுப்பவரும் ஆசிரியர். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். ஆனால் பவணந்தி இந்த இரண்டையும் வேறு வேறு இடத்தில் வைக்கிறார். சொல்லிக்கொடுப்பவனின் இலக்கணம் பொதுப்பாயிரத்தில் வருகிறது. நூல் செய்தவனைப் பற்றிய சேதி சிறப்புப்பாயிரத்தில் வருகிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதினால் எட்டுச் சேதி சொல்ல வேண்டும் என்கிறது நன்னூல். அந்த எட்டில் முதலாவது ஆக்கியோன் பெயர், எட்டாவது பயன். எம்.ஏ. படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பட்டியல் இது. அந்த நோட்டை மூடிவைத்தபோது அது ஞாபகத்துக்கு வந்தது. கேட்போர் யார் என்று அந்த நோட்டில் தெளிவாக இருக்கிறது. பயன் விரல் விரலாக எழுதியே இருக்கிறது. ஆக்கியோன் பெயர் மட்டும் கிடையாது. 'ஆக்கியோன்' என்ற சொல்லின் விகுதியே ஆண்பால் என்பதை வேறு தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

1969இல் மிஷெல் ஃபூக்கோ, ஆசிரியர் என்றால் என்ன என்று கேட்டு ஓர் உரை நிகழ்த்தினார். நீட்ஷேயின் குறிப்பேட்டில் தத்துவ வரிகளுக்கு நடுவே ஒரு சலவைக் கணக்கு கிடந்தால் அதையும் அவருடைய படைப்பு என்று பதிப்பிப்பதா என்று அதில் ஒரு கேள்வி வரும். நல்ல கேள்விதான். ஆனால் நீட்ஷே என்ற பெயர் ஏற்கெனவே அங்கே நிற்பதால்தான் சலவைக் கணக்குக்கூட விவாதத்துக்கு வருகிறது. பெயரில்லாத ஒருத்தியின் நோட்டில் முழு இசையே இருந்தாலும் அது சலவைக் கணக்காகவே வாசிக்கப்படும். ஆசிரியன் செத்துவிட்டான் என்று நம் சிறுபத்திரிகைகள் தொண்ணூறுகளில் பக்கம் பக்கமாக எழுதின. நானும் பிற்பாடு அவற்றைத் தேடிப் படித்து அதையே பேசித் திரிந்தவன்தான். சாவதற்கு முதலில் பிறந்திருக்க வேண்டுமே என்று பெண்ணியத் தோழிகள் குறுக்கே கேட்டபோது அது ஏதோ வாதத் திறமை என்று பட்டது. உத்திரமேரூர் முன்கூடத்தில்தான் அது வெறும் தகவல் என்று புரிந்தது.

*

பயிற்சி உருப்படி என்கிற வகையே தாழ்வானது, கச்சேரி உருப்படிதான் 'படைப்பு', அதனால்தான் டீச்சரின் பெயர் நிற்கவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். உண்மை இல்லை.

கர்நாடக சங்கீதத்துக்குப் பிதாமகர் யார் என்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் புரந்தரதாசர் என்று சொல்லும். பதினாறாம் நூற்றாண்டுக்காரர். அவர் பாடிய தேவர்நாமங்கள் ஏராளம். ஆனாலும் 'பிதாமகர்' பட்டம் அவருக்கு வந்தது பாடத்திட்டத்தால். மாயாமாளவகௌளையில் ஸரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், பிறகு மலஹரியில் பிள்ளையார் கீதம் என்று இன்றைக்கும் குழந்தைகள் தொடங்குகிற வரிசையை வகுத்தவர் அவர் என்பது மரபு. விரலுக்கும் குரலுக்கும் அரிச்சுவடி போட்டவருக்குத்தான் ஒரு முழு இசை மரபும் தகப்பன் ஸ்தானம் கொடுத்திருக்கிறது.

மேற்கிலும் இதே கதை. ரோமில் பிறந்து இங்கிலாந்தில் வாழ்ந்த முத்சியோ கிளெமென்டி 1832இல் இறந்தார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் தாழ்வாரத்தில் அவரைப் புதைத்த இடத்திலுள்ள கல் அவரைப் பியானோவின் தந்தை என்று அழைக்கிறது. அவருடைய பெயரை இன்றுவரை தூக்கி நிறுத்துகிற நூல் 1817க்கும் 1826க்கும் இடையே மூன்று பாகமாக வந்த 'கிராதுஸ் அத் பர்னாசும்'. நூறு பயிற்சி உருப்படிகள். பின்னாளில் டெபூசி தன் மகளுக்காக எழுதிய ஒரு தொகுப்பில் இந்த நூலைச் செல்லமாகக் கேலி செய்து ஒரு உருப்படியே போட்டார். கேலி செய்யப்படுவதும் நினைவுகூரப்படுவதில் ஒரு வகை. செர்னியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைக்குச் சென்னையில் கிரேடு பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு அவர் பெயர் தெரியாமல் இருக்காது.

ஆக, பாடம் எழுதுவது அவமானம் இல்லை. தகப்பன் பட்டம் வாங்கித் தருகிற வேலை அது. இந்த வகைக்குத் தகப்பன்கள் இருக்கிறார்கள், தாத்தாக்கள் இருக்கிறார்கள். பெண் எழுதினால் மட்டும் அது 'பசங்களுக்கு எழுதிக் குடுத்தது' ஆகிவிடுகிறது. இந்த இடத்தில்தான் எலேன் த மோன்ழெரூ வருகிறார்.

*

1764இல் லியோன் நகரத்தில் பிறந்தவர். பிறந்த வீட்டுப் பெயர் நெர்வோ. அண்மையில்தான் பிரபுப் பட்டம் பெற்ற குடும்பம். பாரீசில் ஹுல்மாண்டலிடமும் பிற்பாடு டூசெக்கிடமும் கற்றார். 1784இல் மோன்ழெரூ பிரபுவைக் கலியாணம் செய்துகொண்டார். அப்போதைய பாரீசில் மிகச் சிறந்த கைகளில் ஒன்று அவருடையது என்று கேட்டவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் மேடை ஏறவில்லை. பிரபு வீட்டுப் பெண் காசு வாங்கிக்கொண்டு பொதுமேடையில் வாசிப்பது நடக்காத காரியம். வீட்டு வரவேற்பறையில், தெரிந்தவர்கள் மத்தியில் வாசிக்கலாம். வயலின் மேதை வியோத்தி அங்கே வந்து அவரோடு சேர்ந்து மனோதர்மமாக மணிக்கணக்கில் வாசித்திருக்கிறார்.

நமக்கு இது புரியாத விஷயம் இல்லை. காஞ்சிபுரத்தில் பிறந்த டி.கே. பட்டம்மாள் முப்பதுகளில் மேடை ஏறியபோது 'குடும்பப் பெண்' பொதுவில் பாடுவதா என்ற கேள்வியைத் தாண்டித்தான் ஏற வேண்டியிருந்தது. அதே காஞ்சிபுரத்துத் தனகோடியம்மாள் போன்றவர்கள் அதற்கு முன்பே மேடையில் இருந்தார்கள். ஆனால் சமூகம் அவர்களுக்கு வேறு பெயர் வைத்திருந்தது. பாடினால் குடும்பப் பெண் இல்லை, குடும்பப் பெண் என்றால் பாடக்கூடாது. பாரீசின் வரவேற்பறையும் நம்முடைய நடுக்கூடமும் ஒரே கணக்கில் கட்டியவை.

புரட்சி வந்தது. 1793இல் நேப்பிள்ஸ் நோக்கிப் போன மாரே என்ற தூதரின் குழுவோடு மோன்ழெரூ தம்பதியும் பயணம் செய்தார்கள். வடக்கு இத்தாலியில் ஆஸ்திரியர்கள் அந்தக் குழுவைப் பிடித்துவிட்டார்கள். கணவர் மாந்துவாவில் சிறையில் இறந்தார். இவர் பாரீஸ் திரும்பினார். அது பயங்கர ஆட்சிக் காலம். பிரபு வம்சத்து விதவை.

அடுத்து நடந்ததாக ஒரு கதை உண்டு. இவரை விசாரணைக்கு இழுத்துவந்தார்களாம். கில்லட்டின் தயார். இசைக்காரர் சாரெத் எழுந்து, இந்தப் பெண்மணி தேசத்துக்கு வேண்டியவர் என்றாராம். பியானோவைக் கொண்டுவந்து வைத்தார்களாம். இவர் 'மார்செயேஸ்' பாட்டை எடுத்து மாற்றி மாற்றி விரித்து வாசிக்க, நீதிபதிகளே சேர்ந்து பாடினார்களாம். தலை தப்பியது.

நல்ல சினிமாக் காட்சி. நடந்து பல பத்தாண்டுகள் கழித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சேறிய கதை இது. என் ஆத்திரம் கதை உண்மையா பொய்யா என்பதில் இல்லை. அவரைப் பற்றி எதுவும் மிஞ்சாத காலத்திலும் இந்தக் கதை மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆண்கள் முன்னால் வாசித்து உயிர்ப்பிச்சை வாங்கிய பெண்ணாக அவரை ஞாபகம் வைத்துக்கொள்வது எளிதாக இருந்திருக்கிறது. எழுநூறு பக்கம் எழுதிய பெண்ணாக ஞாபகம் வைத்துக்கொள்ள அந்தப் பக்கங்களைத் திறந்து பார்க்க வேண்டுமே. ஒளவையாருக்கு நாம் செய்துவைத்திருப்பதும் ஏறக்குறைய இதுதான். சுட்ட பழக் கதை தெரிந்தவர்களில் எத்தனை பேர் புறநானூற்றைத் திறந்திருப்பார்கள்?

கதைக்கு வெளியே நடந்தது இன்னும் பெரிய விஷயம். 1795இல் பாரீஸ் கன்சர்வேட்டரி தொடங்கியது. புரட்சி பெற்றெடுத்த அரசு இசைப்பள்ளி. அந்த ஆண்டு நவம்பரில் மோன்ழெரூ அங்கே முதல் தரப் பியானோப் பேராசிரியராக நியமனம் ஆனார், அதுவும் ஆண்கள் வகுப்புக்கு. அங்கே அந்தப் பதவியில் அமர்ந்த முதல் பெண் அவர். 1798 தொடக்கத்தில் ராஜினாமா செய்துவிட்டார். உடல்நிலை என்று காரணம் காட்டப்பட்டது. இரண்டு வருஷத்துச் சொச்சம்தான். அதற்குள் பொயெலி போன்றவர்கள் அவரிடம் கற்றிருந்தார்கள். பிறகு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்த பிராதெர் பின்னால் அதே கன்சர்வேட்டரியில் பேராசிரியர் ஆனார்.

*

அவர் எழுதியவற்றில் சொனாட்டாக்கள் உண்டு, குரலுக்கான சில பாடல்கள் உண்டு. மலை என்றால் ஒன்றுதான்: 'ஃபோர்த்தே-பியானோ கற்பித்தலுக்கான முழுப் பாடம்'. மூன்று பாகம், எழுநூறு பக்கங்களுக்கு மேல், 972 விரல் பயிற்சிகள், 114 எத்யூதுகள். எத்யூத் என்றால் ஒரு குறிப்பிட்ட சிக்கலை எடுத்துக்கொண்டு, அதையே ஒரு முழு இசை உருப்படியாகக் கட்டுவது. நம் வர்ணத்தை இதற்குப் பக்கத்தில் வைக்கலாம். பயிற்சியும் அதுதான், கச்சேரியில் முதலில் வாசிப்பதும் அதுதான். 1788 வாக்கில் தொடங்கி 1812 வாக்கில் எழுதி முடித்தார் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். அச்சில் வந்தது 1816 வாக்கில்.

இந்தத் தேதிகளைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பியானோ எத்யூத் என்ற வகையை நிலைநாட்டியவர் என்று வரலாறுகள் குறிப்பிடுவது யோஹான் பாப்டிஸ்ட் கிராமரை. அவருடைய முதல் தொகுதி 1804இல் வந்தது. அந்தக் கிராமர் இளைஞராகப் பாரீசுக்கு வந்தபோது மோன்ழெரூவிடம் பாடம் கேட்டவர். 'முழுப் பாட'த்தின் தொடக்கமே அவருக்காக எழுதிக் கொடுத்த பயிற்சிகள்தான் என்கிறார்கள். மாணவருக்கு எழுதிக் கொடுத்தது டீச்சரின் மேசையில் இருந்தது. மாணவர் எழுதியது அச்சுக்குப் போனது. அவர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பதற்கும் 'போடுவதற்கும்' நடுவில் இருக்கிற தூரம் எத்தனை வருஷம் என்று கணக்குப் பார்க்கிறேன். இவர் விஷயத்தில் கால் நூற்றாண்டுக்கும் மேல்.

சரி, அந்தப் பக்கங்களுக்குள் என்ன இருக்கிறது? ஒரே பிடிவாதம் இருக்கிறது: பியானோ பாட வேண்டும். கேட்பதற்குப் பழகிய வாசகமாகத் தோன்றலாம். கருவியை நினைத்துப் பார்த்தால்தான் அதன் துணிச்சல் தெரியும். பியானோவில் சுத்தி கம்பியைத் தட்டுகிறது. தட்டிய கணத்திலிருந்து ஒலி சாக ஆரம்பிக்கிறது. அவர் காலத்துப் பியானோவில் இன்னும் சீக்கிரமாகவே செத்துப்போகும். குரல் அப்படி இல்லை. பிடித்த ஸ்வரத்தை வளர்க்கலாம், தேய்க்கலாம், அடுத்ததற்கு வழுக்கலாம். இதெல்லாம் முடியாத கருவியில் குரலை எப்படிக் கொண்டுவருவது? மோன்ழெரூவின் பதில்: ஏமாற்ற வேண்டும். கருவியால் முடியாததைக் கேட்பவரின் காது தானே நிரப்பிக்கொள்ளும்படி வாசிக்க வேண்டும். அதற்காக நல்ல பாடகர்களைக் கேட்கச் சொல்கிறார். மெட்டைப் பிடிக்கும் விரல்களும் துணை ஒலிக்கும் விரல்களும் ஒரே கையில் இருந்தாலும் வெவ்வேறு எடையில் விழப் பழக்குகிறார். ஒவ்வொரு எத்யூதுக்கும் முன்னால் இது எதற்காக, எப்படிப் பழக வேண்டும், எங்கே தவறு வரும் என்று உரைநடையில் எழுதுகிறார். நன்னூல் சொல்லும் 'பயன்', உருப்படி உருப்படியாக.

தமிழ் வாசகருக்கு இது வேறொரு சண்டையை ஞாபகப்படுத்தும். 1842இல் அதே பாரீசில் தெபேன் என்பவர் ஆர்மோனியத்துக்குக் காப்புரிமை வாங்கினார். பாதிரிமார்கள் வழியாக இங்கே வந்து, கல்கத்தாவில் கையால் துருத்தி அடிக்கிற உருவம் எடுத்து, நம் நாடகக் கொட்டகைகளில் ராஜ்யம் நடத்தியது. கமகம் வராத கருவி, கட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் ஒன்றுமில்லாத கருவி என்று சொல்லி 1940இல் அகில இந்திய வானொலி அதைத் தள்ளிவைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது அந்தக் கதவு கொஞ்சம் திறக்க. கட்டை அழுத்துகிற கருவியில் குரல் வராது என்பது அங்கே தீர்ப்பு. மோன்ழெரூவுக்கு அதுவே வீட்டுப்பாடம். வராது என்று தெரிந்த இடத்திலிருந்து 114 உருப்படிகள் எழுதினார்.

உத்திரமேரூர் டீச்சரும் இதே இடத்தில்தான் மல்லுக்கட்டுகிறார் என்பதைப் பிறகுதான் கவனித்தேன். 'சைக்கிள்' என்ற உருப்படியில் ஒரு ஸ்வரத்தின் மேல் விரல் எண்ணுக்குப் பக்கத்தில், "இங்கே விரலை எடுக்காதே, பாடிக்கொண்டே அடுத்ததுக்குப் போ" என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கிறார்.

*

மோன்ழெரூ 1834இல் மகனோடு இத்தாலி போனார். 1836இல் பிளாரன்சில் இறந்தார். சாந்தா குரோச்சே தேவாலயத்தின் தாழ்வாரத்தில் அடக்கம் ஆனார். கிளெமென்டியும் தாழ்வாரம்தான். மார்மோன்தெல் போன்ற ஓரிரு பியானோ ஆசிரியர்கள் பிற்பாடு அவரை மதித்து எழுதினார்கள். அதோடு சரி. ழெரோம் தோரிவால் எழுதிய வாழ்க்கை வரலாறு 2006இல் வந்த பிறகுதான் பேச்சு மறுபடி தொடங்கியது. எட்னா ஸ்டெர்ன் வாசித்த இசைத்தட்டு வந்தது. 2022இல் கிளேர் ஹாமண்ட் 29 எத்யூதுகளைப் பதிவுசெய்தார். டி மைனரில் அமைந்த 107ஆவது எத்யூதைக் கேட்டுப் பாருங்கள். பாடப் புத்தகத்தில் இதை ஒளித்துவைத்திருந்தார்களா என்று தோன்றும்.

இந்த மீட்பிலும் ஒரு உறுத்தல் இருக்கிறது. எழுதுகிறவர்கள் எல்லாரும் அவரைப் புகழும் வாக்கியம் ஒன்றேதான்: ஷோப்பனுக்கு முன்பே ஷோப்பன் மாதிரி எழுதியவர். ஷோப்பன் தன் முதல் எத்யூத் தொகுதியை வெளியிட்டது 1833இல் என்பதால் தேதிக் கணக்கு சரிதான். ஆனால் ஒரு பெண்ணின் இசையைக் கேட்பதற்குக் காரணம் அது பின்னால் வரப்போகும் ஆணின் இசையை முன்கூட்டியே ஒத்திருந்தது என்பதானால், அவர் இன்னும் அறிமுகக் கடிதத்தோடுதான் வாசலில் நிற்கிறார் என்று பொருள். ஷோப்பனை ஒத்திராத எண்பது உருப்படிகளை யார் கேட்பது? பயிற்சி என்ற வகையிலிருந்து அவரைக் காப்பாற்றிப் 'படைப்பு' வகைக்கு ஏற்றிவிடத் துடிக்கிறார்கள். புரந்தரதாசரை யாரும் அப்படிக் காப்பாற்ற முயலவில்லை. ஸரளி வரிசையிலேயே அவர் பெரியவர்.

அரை நூற்றாண்டு கழித்து அதே கன்சர்வேட்டரியில் லூயிஸ் ஃபராங்க் இருந்தார். 1842இல் பியானோப் பேராசிரியர் ஆனார், ஆனால் பெண்கள் வகுப்புக்கு. முப்பது வருஷம் வேலை. அவருடைய முப்பது எத்யூதுகளை அந்த நிறுவனமே 1845இல் பாடமாக ஏற்றுக்கொண்டது. அப்படியிருந்தும் ஆண் பேராசிரியர்களைவிடக் குறைந்த சம்பளம். 1850இல் அவருடைய ஒன்பது கருவி இசைக்குக் கிடைத்த பெருவெற்றிக்குப் பிறகு இயக்குநருக்கு எழுதிக் கேட்டார், கொடுத்தார்கள். பாடமாக இருந்த எத்யூதுகளால் கிடைக்காத சம்பளம் கச்சேரி உருப்படி ஜெயித்த பிறகு கிடைத்தது. பாடம் எழுதி உயர்ந்த ஆண்களின் பாதை அவருக்குத் திறக்கவில்லை. சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது.

*

தோழர்கள் இந்நேரம் முணுமுணுத்திருப்பார்கள்: ஒரு பிரெஞ்சு சீமாட்டிக்காக மாகறலில் உட்கார்ந்துகொண்டு எதற்கு இத்தனை வக்காலத்து? நியாயமான முணுமுணுப்பு. மோன்ழெரூவிடம் பியானோ இருந்தது, வேலைக்காரர்கள் இருந்தார்கள், எழுநூறு பக்கம் செதுக்கிய தகடுகளுக்குச் செலவழிக்க வழி இருந்தது. அதனால்தான் அவர் இருநூறு வருஷம் நூலக அலமாரியில் காத்திருக்க முடிந்தது. அத்தனையும் இருந்தவருக்கே இந்தக் கதி என்றால், நோட்டுப் புத்தகக்காரிகளின் கதி என்ன என்பதுதான் அவர் வழியாக நான் கேட்கிற கேள்வி.

நம் பக்கத்தில் எடுத்துக்கொண்டால், தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் எனக்கு மிக வேண்டியவர். தெலுங்கிலும் கன்னடத்திலும் இருந்த தொடக்கப் பாடங்களுக்குப் பதிலாகத் தமிழில் பிள்ளைகள் பாடிப் பழகக் கீதங்கள் இயற்றி 1907இல் வெளியிட்டவர். 1916இல் பரோடாவில் நடந்த அகில இந்திய இசை மாநாட்டில் அவருடைய சுருதிக் கொள்கையைச் சபை முன்னால் வீணையிலும் குரலிலும் நிரூபித்துக் காட்டியவர்கள் அவருடைய மகள்கள் மரகதவல்லியும் கனகவல்லியும். அடுத்த ஆண்டு வந்த 'கருணாமிர்த சாகரம்' நம் இசை வரலாற்றில் தந்தையின் நூல். அது சரிதான், எழுதியவர் அவர்தான். ஆனால் கொள்கையைத் தாங்கிய கை யாருடையது, அந்த விரல்கள் தாமாக என்னவெல்லாம் கண்டுபிடித்திருக்கும் என்ற கேள்வி நம் இசை ஆராய்ச்சியில் இன்னும் ஓரத்தில்தான் நிற்கிறது. மகள்கள் நிரூபணம், தகப்பனார் நூல்.

இன்னும் பின்னால் போகலாம், இந்த ஊருக்கே. சேயாற்றங்கரையில் இருக்கிற மாகறல் கோயிலைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. அந்தப் பதிகம் இறைவனில் தொடங்கவில்லை. விளைந்த கழனியில் வேலை செய்கிற உழத்தியர் பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் எழுப்புகிற சத்தத்தில் தொடங்குகிறது. சம்பந்தர் அவர்களைக் 'கடைசியர்' என்கிறார். ஆயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய கவியின் காதில் விழுந்த பாட்டு. அவர் பதிகத்துக்குப் பண் தெரியும், பாடியவர் தெரியும், ஓதுவார் இன்றைக்கும் பாடுகிறார். அந்தக் கடைசியர் என்ன பாடினார்கள்? அவர்களுக்கு அதை யார் சொல்லிக்கொடுத்தது? நாற்று நடுகிற கைக்குத் தாளம் பழக்குகிற பாட்டும் பயிற்சி உருப்படிதானே. பதிகத்தில் அது 'அரவம்', ஓசை. பின்னணிச் சத்தம்.

*

போன ஞாயிறு மறுபடி போனேன். எத்தனை உருப்படி எழுதியிருப்பீர்கள் என்று டீச்சரைக் கேட்டேன்.

"கணக்கெல்லாம் இல்ல சார். பதினாலு வருஷமா சொல்லிக் குடுக்கறேன். ஒவ்வொரு புள்ளைக்கும் அது கைக்குத் தக்கன எழுதறதுதான்."

"உங்ககிட்ட காப்பி இருக்குமா?"

"எங்கிட்ட எதுக்கு? அதுங்க நோட்டுலதான் இருக்கும். பத்தாவது வந்துட்டா கிளாஸ நிறுத்திடுவாங்க. நோட்டு எடைக்குப் போயிருக்கும்."

இப்போது படிக்கிற பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கி அக்கா மகளும் நானும் படியெடுத்துக்கொண்டிருக்கிறோம். ஒரே உருப்படி இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. சின்னக் கைக்கு ஒன்று, விரல் நீண்ட பையனுக்கு ஒன்று. எதை மூலபாடம் என்று கொள்வது? சங்க இலக்கியப் பாடவேறுபாடு படித்த எம்.ஏ. இப்படியா உதவிக்கு வர வேண்டும்! இதுவரை முப்பத்தொன்று சேர்ந்திருக்கிறது. மேலட்டையில் என்ன பெயர் போடலாம் என்று கேட்டதற்கு டீச்சர் வெகுநேரம் யோசித்தார். ரேஷன் கார்டில் வீட்டுக்காரர் பெயரோடு இருக்கிறது, சர்டிபிகேட்டில் அப்பா இனிஷியலோடு இருக்கிறது, பிள்ளைகளுக்கு வெறும் டீச்சர்தான் என்றார். மோன்ழெரூகூட முதல் கணவரின் ஊர்ப்பெயர்தான். பிறகு இரண்டு கலியாணம் ஆகியும் இசை விஷயத்தில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இதைச் சொன்னேன். "அந்தம்மாவுக்கும் இதே ரோதனையா" என்று சிரித்தார். அடுத்த வாரம் சொல்றேன் சார் என்று சொல்லிவிட்டு, மோதிர விரல் பாட்டில் நான் தப்பாகப் படியெடுத்திருந்த ஒரு ஸ்வரத்தை அடித்துத் திருத்திக் கொடுத்தார்.